சீனச் செவ்வியல் புதினங்களின் இலக்கியப் பண்புகள்

சீனச் செவ்வியல் புதினங்கள் என்பவை மிங் (1368–1644), சிங் (1644–1912) அரசமரபுகளின் காலத்தில், பெரும்பாலும் பேச்சு வழக்கை ஒட்டிய சீன மொழியில் எழுதப்பட்ட நெடுங்கதைகள் ஆகும். 'மூன்று அரசுகளின் கதை' (சான்குவோ யான்யி), 'நீர்க்கரை' (ஷுய்ஹூ சுவான்), 'மேற்கு நோக்கிய பயணம்' (சீயூ ஜி), 'செம்மாடக் கனவு' (ஹொங்லோ மெங்) ஆகியவை இன்று நான்கு பெரும் புதினங்கள் எனப்படுகின்றன. 'ஜின் பிங் மெய்', 'ரூலின் வைஷி' (கற்றோர் உலகின் கதை) ஆகிய இரண்டும் இவற்றுக்கு இணையாகப் பேசப்படுபவை.

இப்புதினங்களை முதன்முறை படிப்போர் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வர். கதை ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை, மாந்தர் நூற்றுக்கணக்கில் வருகின்றனர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே மாதிரியான நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருகிறது என்பதே அது. நன்னூல் வகுக்கும் பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' ஒன்று. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் இப்புதினங்கள் ஒன்றுகூடத் தேறா. ஆனால் சீன மரபில் இது குறையாகக் கருதப்படவில்லை. ஒரு நிகழ்ச்சியை ஒருமுறை சொல்லிவிட்டு, அதே போன்ற நிகழ்ச்சியை மீண்டும் எடுத்து, முன்னதிலிருந்து வேறுபடச் சொல்வதே எழுத்தாளனின் திறனுக்கு உரைகல் என்று அம்மரபின் உரையாசிரியர்கள் கருதினர். இப்புதினங்களின் கட்டமைப்பு, பாத்திரப் படைப்பு, துன்ப உணர்ச்சி ஆகிய மூன்றுமே இந்தப் பண்பைப் பற்றி நிற்கின்றன.

தோற்றமும் வடிவமும்

சோங் காலத்து நகரங்களான கைஃபெங், ஹாங்சோ ஆகியவற்றின் கேளிக்கைத் திடல்களில் தொழில்முறைக் கதைசொல்லிகள் இருந்தனர். வரலாற்றுக் கதை, வீரர் கதை, சமயக் கதை என ஒவ்வொருவருக்கும் தனித்துறை உண்டு. பல நாள் நீளும் கதையை அவர்கள் பகுதி பகுதியாகச் சொல்லினர். எழுத்துக்கு வந்த பிறகும் இந்தச் சாயல் நீங்கவில்லை. அத்தியாயம் பரபரப்பான இடத்தில் நிற்கும்; மேலே நடந்ததை அடுத்த பகுதியில் 'கேட்டு' அறியுமாறு கதைசொல்லி கேட்டுக்கொள்வார். படிக்கச் சொல்வதில்லை, கேட்கத்தான் சொல்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. தனி எழுத்தாளர் ஒருவர் தம் அறையில் அமர்ந்து எழுதிய 18ஆம் நூற்றாண்டுப் புதினங்களிலும் இவ்வாய்பாடு தொடர்கிறது.

அத்தியாயத் தலைப்பு சீனப் புதினத்தின் மற்றொரு அடையாளம். அது பெரும்பாலும் ஈரடியாக அமையும். இரண்டு அடிகளிலும் எழுத்துகளின் எண்ணிக்கை ஒத்திருக்கும். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை எதிர்நிற்கும். 'மூன்று அரசுகளின் கதை'யின் 1522ஆம் ஆண்டுப் பதிப்பு 240 சிறு பகுதிகளைக் கொண்டது. பின்னர் அவை இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு 120 அத்தியாயங்கள் ஆயின. எனவே ஓர் அத்தியாயம் என்பது ஒரு நிகழ்ச்சி அன்று, ஒரு சோடி. இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் தலைப்பிலேயே வாசகருக்கு ஊட்டப்படுகிறது.

உரையாசிரியர்களின் பார்வை

நூலை உரையோடு சேர்த்தே படிப்பது தமிழருக்குப் புதிதன்று. சீனப் புதினங்களும் அவ்வாறே படிக்கப்பட்டன. அத்தியாயத்தின் முன் ஒரு முன்னுரை, வரிகளுக்கிடையே சிறிய எழுத்தில் குறிப்புகள் என உரைகள் அச்சாயின. வேறுபாடு என்னவென்றால், இந்த உரையாசிரியர்கள் மூலத்தையே திருத்தினர், வெட்டினர். இவர்களுள் முதன்மையானவர் ஜின் ஷெங்தான் (1608–1661). 'நீர்க்கரை'க்கு அவர் எழுதிய உரை 1641ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

'நீர்க்கரை' 108 வீரர்களின் கதை. ஊழல் அதிகாரிகளால் துரத்தப்பட்டு லியாங்ஷான் சதுப்புநிலத்தில் கூடியவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவனான வூ சோங் சிங்யாங் மேட்டில் புலியைக் கொல்லும் பகுதி சீனாவில் சிறுவர்கள்கூட அறிந்தது. மேட்டுக்குக் கீழே உள்ள மதுக்கடையில் அளவு மீறிக் குடிக்கிறான். புலி இருக்கிறது என்று கடைக்காரன் சொல்வதை நம்பவில்லை. வழியில் அரசு அறிவிப்பைப் பார்த்த பிறகு புலி உண்மைதான் என்று தெரிகிறது. திரும்பிப் போனால் கடைக்காரன் சிரிப்பானே என்ற வெட்கத்தில் மேலே நடக்கிறான். இந்த ஒரு நினைப்பில் மனிதன் முழுவதும் தெரிந்துவிடுகிறான்.

வூ சோங்கின் கையில் ஒரு தடி இருக்கிறது. கடைக்குள் நுழையும்போது, எழும்போது, நடக்கும்போது, படுக்கும்போது என்று கதைசொல்லி அந்தத் தடியை விடாமல் குறிப்பிட்டு வருகிறார். ஜின் ஷெங்தான் ஒவ்வோர் இடத்தையும் எண்ணிக் குறிக்கிறார். புலி பாய்ந்ததும் வாசகர் அந்தத் தடியைத்தான் நம்புகிறார். வூ சோங் ஓங்கி அடிக்கிறான். அடி மரக்கிளையில் விழுந்து தடி இரண்டாக முறிகிறது. அதன்பின் வெறுங்கைதான். இத்தகைய உத்தியை 'புல்லுக்குள் பாம்பு, சாம்பல் கோடு' என்று உரையாசிரியர் அழைத்தார். ஆங்காங்கே தோன்றி மறைவது தனித்தனிப் புள்ளிபோல் இருக்கும், இழுத்தால் ஒரே உடலாக வரும் என்பது பொருள். வூ சோங்கின் அண்ணன் மனைவி பான் சின்லியன் வரும் பகுதியில் வாசல் தட்டியைப் பற்றிய குறிப்பு இதே முறையில் திரும்பத் திரும்ப வருவதையும் அவர் சுட்டுகிறார்.

ஏறத்தாழ இருபது அத்தியாயங்களுக்குப் பிறகு இன்னொரு புலி வருகிறது. லி குய் என்ற முரடன் பார்வையற்ற தன் தாயை முதுகில் சுமந்து மலையைக் கடக்கிறான். தாய் தண்ணீர் கேட்கிறாள். அவன் தண்ணீரோடு திரும்பும்போது தாய் இல்லை. இரத்தச் சுவடுதான் இருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து குட்டிகளும் பெரியவையுமாக நான்கு புலிகளைக் கொல்கிறான். முன்பே ஒரு புலிக் கதையைச் சொல்லிவிட்ட ஆசிரியர், அதுவும் அவ்வளவு சிறப்பாகச் சொல்லிவிட்டவர், மீண்டும் ஏன் புலியைத் தொட வேண்டும்? ஜின் ஷெங்தானின் விடை, தெரிந்தே திரும்பச் செய்வதுதான் கலை என்பது. வூ சோங்கின் சண்டையில் அச்சம் இருக்கிறது, வியர்வை இருக்கிறது, சண்டைக்குப் பின் நடக்க முடியாத களைப்பு இருக்கிறது. லி குய்யின் சண்டையில் அச்சத்துக்கே இடமில்லை, துயரம் மட்டுமே இருக்கிறது. வூ சோங்கை ஊர் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறது, காவல் பதவி கிடைக்கிறது. லி குய்க்கும் விருந்து வைக்கிறார்கள். ஆனால் தேடப்படும் குற்றவாளி என்று அடையாளம் கண்டதும் குடிக்க வைத்துக் கட்டிப்போடுகிறார்கள். 108 பேருக்கும் தனித்தனிக் குணம் உண்டு என்று ஜின் ஷெங்தான் புகழ்வது மிகைதான். பெயரளவில் மட்டும் நிற்கும் வீரர் பலர் உண்டு. ஆனால் இந்த இருவரைப் பொறுத்தவரை, இரண்டு புலிக் கதைகளையும் சேர்த்துப் படிக்காமல் எவரையும் முழுதாக அறிய இயலாது.

மூன்று அரசுகளின் கதையில் தீ

லுவோ குவான்சோங்கின் பெயரில் வழங்கும் 'மூன்று அரசுகளின் கதை' ஹான் பேரரசு சிதைந்து வெய், ஷூ, வூ என மூன்றாகப் பிரிந்து மீண்டும் ஒன்றான காலத்தைச் சொல்கிறது. ஏழு பங்கு உண்மை, மூன்று பங்கு கற்பனை என்று 18ஆம் நூற்றாண்டு அறிஞர் சாங் சுவேசெங் இதை மதிப்பிட்டார். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. வாசகர் குழம்புவர் என்ற கவலையில் சொன்னார். எனினும் அந்த மூன்று பங்கு எங்கே சேர்க்கப்பட்டது என்று பார்த்தால் ஆசிரியரின் நோக்கம் விளங்கும்.

இந்நூலில் தீ வைத்து வெல்லும் போர்கள் பல. 17ஆம் நூற்றாண்டில் இதைத் திருத்தி உரை எழுதிய மாவோ சோங்காங் அவற்றைப் பட்டியலிட்டு, ஒன்றுபோல் ஒன்று இல்லாததை வியக்கிறார். ஒரே மரத்தில் வேறு வேறு கிளைகளும் பூக்களும் வருவது போன்றது அது என்பது அவர் கருத்து. அவர் வேறுபாட்டை வியந்ததோடு நிற்கிறார். அந்தத் தீக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னும் ஆழமான ஒன்று புலப்படும்.

வூசாவோவில் (பொ.ஊ. 200) சாவோ சாவோ எதிரியின் தானியக் கிடங்கை எரிக்கிறான், அது சிறிய படை பெரிய படையை வெல்லும் தந்திரம். போவாங்கில் ஜூகே லியாங் எரிக்கிறார். புதிதாக வந்த இளம் அமைச்சரை நம்பாத தளபதிகள் அன்றுதான் நம்புகின்றனர். வரலாற்றில் போவாங் வெற்றி லியூ பெய்யினுடையது. புதினம் அதை ஜூகே லியாங்குக்குக் கொடுக்கிறது. செம்பாறைப் போரில் (208) சங்கிலியால் பிணைத்த சாவோ சாவோவின் கப்பல்கள் எரிகின்றன. அதற்கு வேண்டிய தென்கிழக்குக் காற்றை ஜூகே லியாங் பலிமேடை அமைத்து வானத்திடம் வேண்டிப் பெறுவதாகக் கதை. மனிதன் கேட்டான், வானம் கொடுத்தது.

பிறகு தீ திசை மாறுகிறது. யிலிங்கில் (222) எரிவது லியூ பெய்யின் சொந்தப் பாசறைகள். உடன்பிறவா உடன்பிறப்பான குவான் யூவின் சாவுக்குப் பழிவாங்க, அமைச்சரின் அறிவுரையை மீறிப் படையெடுத்தவன் அவன். காட்டோரம் நீளமாகப் போட்ட முகாம்களை லு சுன் கொளுத்துகிறான். அடுத்து தெற்கே, எண்ணெயில் ஊறிய பிரம்புக் கவசம் அணிந்த வீரர்களைப் பள்ளத்தாக்கில் அடைத்து ஜூகே லியாங் எரிக்கிறார். இது முழு வெற்றி. ஆனால் மேலிருந்து பார்த்த அவர் கண்ணீர் விடுகிறார். நாட்டுக்கு நன்மை செய்தாலும் இதனால் தம் ஆயுள் குறையும் என்று சொல்கிறார்.

இறுதியாக 103ஆம் அத்தியாயம். ஷாங்ஃபாங் பள்ளத்தாக்கில் சிமா யியும் அவன் மகன்கள் இருவரும் சிக்குகின்றனர். வாய் அடைக்கப்படுகிறது, தீ மூள்கிறது, தந்தை மகன்களைத் தழுவி அழுகிறான். முன்னைய தீக்களையெல்லாம் பார்த்துவந்த வாசகருக்கு முடிவு தெரியும். அப்போது மழை கொட்டுகிறது. அன்று காற்றைக் கொடுத்த வானம் இன்று மழையை அனுப்பித் தீயை அணைக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் ஜூகே லியாங் இறக்கிறார். சிமா யியின் வழியினர் பின்னாளில் மூன்று அரசுகளையும் விழுங்குகின்றனர்.

இந்த மழை தனியாகப் படித்தால் ஒரு தற்செயல். கதாசிரியர் வில்லனைக் காப்பாற்ற எளிய வழி தேடினார் என்றுகூடத் தோன்றும். முந்தைய தீக்கள் நினைவில் இருந்தால்தான் அது இடியாக விழுகிறது. பிரம்புக் கவசம், ஷாங்ஃபாங் தீ இரண்டும் புதினத்தின் கற்பனை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாங் சுவேசெங் கவலைப்பட்ட அந்த மூன்று பங்கு இங்கேதான் வேலை செய்கிறது.

எல்லா மீள்கூறலும் இப்படி அமைந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஜூகே லியாங்குக்குப் பின் ஜியாங் வெய் ஒன்பது முறை வடக்கே படையெடுக்கும் பகுதிகள் சலிப்பூட்டுகின்றன. தோல்வியின் சோர்வைக் காட்டவே அவ்வாறு எழுதப்பட்டது என்று வாதாடலாம். வாசகரும் சோர்ந்துபோவதை மறுக்க இயலாது.

மேற்கு நோக்கிய பயணம்

யுவான் சுவாங் என்று தமிழ்ப் பாடநூல்களில் அறியப்படும் துறவி 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து, நாலந்தாவில் பயின்று, காஞ்சிபுரத்தைப் பற்றியும் குறிப்பு எழுதிச் சென்றவர். அவருடைய பயணம் மக்கள் வாயில் வளர்ந்து, குரங்கு வீரன் சுன் வுகோங் அதற்குள் புகுந்து, 1592இல் நூறு அத்தியாயப் புதினமாக அச்சாயிற்று. வூ செங்கென் எழுதியதாகப் பொதுவாகக் கொள்வர்.

இதில் 81 துன்பங்கள் வருகின்றன. பயணம் முடிந்த பிறகு குவான்யின் தேவி கணக்கைப் பார்த்தால் 80தான் இருக்கிறது. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால்தானே நிறைவு? எனவே இன்னொரு துன்பம் ஏற்பாடு செய்யப்படுகிறது! தன் வடிவத்தையே இவ்வாறு எள்ளி நகையாடும் நூல்கள் உலக இலக்கியத்தில் மிகுதியாக இல்லை.

நடுப்பகுதி ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். துறவியின் சதையைத் தின்றால் சாவில்லை என்று ஓர் அரக்கன் அவரைத் தூக்கிச் செல்வான், சுன் வுகோங் சண்டையிடுவான், முடியாமல் வானுலகுக்கு ஓடுவான். அரக்கன் யாரோ ஒரு தெய்வத்தின் ஊர்தியாகவோ பணியாளாகவோ இருப்பான். உரியவர் வந்து அழைத்துப்போவார். ஐந்தாறு முறைக்குப் பின் சலிப்பு வருவது இயல்பு. ஆனால் அந்த வாய்பாட்டிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. மேலிடத்தில் ஆள் உள்ள அரக்கர்கள் பெரும்பாலும் தப்புகின்றனர். யாருமற்றவர்கள் அடிபட்டுச் சாகின்றனர். 27ஆம் அத்தியாயத்தின் வெண்ணெலும்பு அரக்கி அத்தகையவள். பெண்ணாக, கிழவியாக, கிழவனாக மூன்று முறை உருமாறி வருகிறாள். மூன்று முறையும் குரங்கு அவளை அடையாளம் கண்டு அடிக்கிறது, மூன்று முறையும் துறவி அடையாளம் காணத் தவறுகிறார். கடைசியில் அறிந்தவனை அறியாதவர் துரத்திவிடுகிறார்.

செம்மாடக் கனவில் இரண்டு சாவுகள்

சாவோ சுவேசின் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய 'செம்மாடக் கனவு' இந்தப் பண்பைப் போர்க்களத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. ஜியா என்னும் பெருங்குடும்பம், அதில் பாவ்யூ என்னும் சிறுவன், அவன் விரும்பும் தாய்யூ, அவன் மணக்க நேரும் பாவ்சாய். மாந்தர் சோடிகளாகவே படைக்கப்பட்டுள்ளனர். பணிப்பெண் சிங்வென் தாய்யூவின் நிழல், சீரென் பாவ்சாயின் நிழல் என்பது சீன வாசகரிடையே நெடுநாளாக வழங்கும் கருத்து. ஜியா பாவ்யூவுக்கே சென் பாவ்யூ என்ற மறுபடி உண்டு. ஒலியால் 'ஜியா' பொய்யையும் 'சென்' மெய்யையும் குறிக்கும்.

இந்த நிழல்களைவிட ஆழமானது வீட்டு நிகழ்ச்சிகளின் மீள்வரவு. 13, 14ஆம் அத்தியாயங்களில் இளம் மருமகள் சின் கெசிங் இறக்கிறாள். சடங்கை நடத்தும் பொறுப்பு சீஃபெங்கிடம் வருகிறது. இருபதுகளில் உள்ள பெண். அந்த வீட்டு நிர்வாகத்தின் ஓட்டைகள் ஐந்து என்று எண்ணி எடுக்கிறாள். விடியலில் பெயர் அழைக்கிறாள். தாமதமாக வந்த ஆளுக்கு இருபது அடி. சாவுவீடு அவளுக்கு வெற்றிவிழாவாகிறது. 110ஆம் அத்தியாயத்தில் குடும்பத்தின் மூதாட்டி இறக்கிறார். அதே சீஃபெங்கிடம் அதே பொறுப்பு. அதற்குள் அரசு ஆட்கள் வீட்டைச் சோதனையிட்டுப் பறிமுதல் செய்துவிட்டனர். பணம் கையில் வருவதில்லை, ஏவினால் ஆள் அசைவதில்லை, கெஞ்சுகிறாள். ஏச்சு கேட்டு இரத்தம் கக்கி விழுகிறாள். குடும்பம் அழிந்தது என்று ஆசிரியர் எங்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு சாவுவீடுகளே போதும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாவோ சுவேசினின் கையெழுத்துப் படிகளாகப் பரவியவை 80 அத்தியாயங்களே. 1791இல் செங் வெய்யுவான், காவ் எ ஆகியோர் 120 அத்தியாயங்களாக அச்சிட்டனர். பிற்பட்ட 40 யாருடையவை என்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. அவற்றை மட்டமானவை என்று ஒதுக்குவோர் பலர். மொழிநடையில் இறக்கம் இருப்பது உண்மையே. ஆயினும் 110ஆம் அத்தியாயத்தை எழுதியவர் எவராயினும், 14ஆம் அத்தியாயத்தை நெஞ்சில் வைத்து எழுதியவர். லியூ பாட்டியின் கதையும் அத்தகையதே. 6ஆம் அத்தியாயத்தில் உதவி கேட்டு வந்த ஏழை உறவுக்குச் சீஃபெங் இருபது தேல் வெள்ளியைச் சற்று ஏளனத்தோடு கொடுத்தனுப்புகிறாள். கடைசியில் அந்தப் பாட்டிதான் சீஃபெங்கின் மகளைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறார்.

பிற புதினங்கள்

'ஜின் பிங் மெய்' முழுவதுமே ஒரு மீள்கூறல். 'நீர்க்கரை'யில் வூ சோங் தன் அண்ணனைக் கொன்ற சீமென் சிங்கைச் சில அத்தியாயங்களில் பழிவாங்கிவிடுகிறான். இதிலோ வூ சோங் ஆள் மாறிக் கொன்று நாடுகடத்தப்படுகிறான். சீமென் சிங் 79ஆம் அத்தியாயம் வரை வாழ்ந்து தன் ஆசையாலேயே சாகிறான்.

வூ ஜிங்சியின் (1701–1754) 'ரூலின் வைஷி' அரசுத் தேர்வு முறையைச் சாடுகிறது. அறுபதைத் தாண்டிய கிராமத்து ஆசிரியர் சோ ஜின் தேர்வு அறையைக் கண்டதும் மயங்கி விழுந்து அழுகிறார். பின்னர் அவரே தேர்வாளராகி, இருபது முறைக்கு மேல் தோற்ற 54 வயது ஃபான் ஜின்னைத் தேறவைக்கிறார். மேல்நிலைத் தேர்விலும் தேறிய செய்தி வந்ததும் ஃபான் ஜின்னுக்கு மகிழ்ச்சியில் பித்துப் பிடிக்கிறது. ஒருவர் தோல்வியால் விழுந்தார், மற்றவர் வெற்றியால். மாணவர்களைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் எவரும் இந்த இரண்டு அத்தியாயங்களையாவது படிப்பது நல்லது.

சுருக்கப் பதிப்புகளும் இழப்பும்

இப்புதினங்கள் வெளிநாட்டு வாசகரைப் பெரும்பாலும் சுருக்கங்களாகவே அடைந்தன. சுருக்குவோர் முதலில் கைவைப்பது 'முன்பே வந்ததுதானே' என்று தோன்றும் பகுதிகளில்தான்.

சீனாவுக்குள்ளேயே இது நடந்தது. மீள்கூறலின் அழகை எடுத்துரைத்த அதே ஜின் ஷெங்தான் 'நீர்க்கரை'யை 70 அத்தியாயங்களில் வெட்டி நிறுத்தினார். 108 பேரும் கூடியதும், அனைவரும் கொல்லப்படுவதாக ஒருவன் கனவு காண்பதோடு அவருடைய பதிப்பு முடிகிறது. அடுத்து வரும் படையெடுப்புகளில் பல வறண்டவை என்பதால் அவரைப் பலரும் பாராட்டினர். ஆனால் 100 அத்தியாயப் பதிப்பின் இறுதியை இழந்தது பெரிய விலை. அங்கே வீரர்கள் கூடிய வரிசைக்கு எதிர்வரிசையாக ஒவ்வொருவராக உதிர்கின்றனர். அரசு அனுப்பிய நஞ்சு கலந்த மதுவைக் குடித்த தலைவன் சோங் ஜியாங், தான் இறந்தபின் கலகம் செய்வான் என்றஞ்சி லி குய்க்கும் அதையே கொடுக்கிறான். நான்கு புலிகளைக் கொன்றவன் தன் தலைவன் கொடுத்த கிண்ணத்தால் சாகிறான்.

ஆங்கிலத்தில் ஆர்தர் வேலி 1942இல் வெளியிட்ட 'மங்கி' நூலே 'மேற்கு நோக்கிய பயண'த்தை உலகறியச் செய்தது. மூலத்தின் நூறு அத்தியாயங்களில் முப்பதை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். நடை இனியது, நகைச்சுவை கெடவில்லை. முழு நூல் ஆந்தனி யூவின் மொழிபெயர்ப்பாக நான்கு தொகுதிகளில் 1977 முதல் 1983 வரை வெளிவந்தது. இரண்டையும் ஒப்பிட ஓர் ஆமை போதும்.

பயணத்தின் பாதி வழியில், 49ஆம் அத்தியாயத்தில், ஒரு வெள்ளை ஆமை துறவியையும் சீடர்களையும் முதுகில் ஏற்றிப் பேராற்றைக் கடக்க உதவுகிறது. தனக்கு எப்போது மனித உடல் வாய்க்கும் என்று புத்தரிடம் கேட்டுவரும்படி மட்டும் வேண்டிக்கொள்கிறது. துறவி ஒப்புக்கொள்கிறார். 99ஆம் அத்தியாயத்தில், அந்த 81ஆவது துன்பத்துக்காக, அவர்கள் அதே ஆற்றங்கரையில் நிற்கின்றனர். அதே ஆமை வருகிறது, மறுகரையை நெருங்கும்போது கேட்கிறது. துறவி மறந்துபோனார். ஆமை அவர்களைச் சுவடிகளோடு தண்ணீரில் தள்ளிவிட்டு மறைகிறது. வேலி இரண்டு இடங்களையும் விடாமல் வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய நூலில் 49ஆம் அத்தியாயத்துக்கு அடுத்து வருவது 98ஆம் அத்தியாயம். ஆமையின் வேண்டுகோளைச் சில பக்கங்களுக்கு முன்தான் படித்த வாசகர், துறவி மறந்ததைப் பார்த்துச் சிரிக்கலாம். மூலத்தில் அந்த ஐம்பது அத்தியாயங்களை நடந்து வந்தவருக்கு, ஆமை கேட்கும் வரை அது நினைவில் இருப்பதில்லை.